கடல் திரும்பிப் போகாத ஊர்

2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் குமரியிலும் சில மணி நேரத்தில் வந்த வழியே திரும்பிவிட்டது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களை அது கொண்டு சென்றது. உடைந்த படகுகளையும் உப்புப் படிந்த வயல்களையும் விட்டுச் சென்றது. அதே நாளில், தெற்கு அந்தமானின் மேற்குக் கரையிலுள்ள வண்டூரில் நடந்தது வேறு. அங்கே கடல் வந்தது. வந்த கடல் திரும்பிப் போகவில்லை. பேரழிவுக்கு 21 ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில் நாடெங்கும் அஞ்சலிக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. மீண்டெழுந்த மக்களின் மனவுறுதி மேடைதோறும் பாராட்டப்படுகிறது. அந்தப் பாராட்டு உண்மைதானா என்று உரைத்துப் பார்க்க வண்டூரைவிடத் தக்க உரைகல் இல்லை.

அன்று காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னர், சுமத்ரா தீவின் வடமேற்கே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டின் கீழே அமிழும் எல்லையில், சுமத்ராவிலிருந்து அந்தமானின் வட முனை வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை பிளந்து நகர்ந்தது. அந்த நகர்வு தீவுக் கூட்டத்தையே ஒரு துலாக்கோல் போலச் சாய்த்துவிட்டது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தது; அதுவரை நீருக்கடியில் இருந்த பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து மடிந்தன. தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தென்கோடியில், பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. தரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல்நீருக்குள் போயிற்று.

ஒரு மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவு. ஆனால், மலைச்சரிவுகளுக்கு இடையே ஓடைகளை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் வயல்களுக்கு அதுவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட அளவாக அமைந்தது. வண்டூர், சிப்பிகாட் உள்ளிட்ட தாழ்நிலப் பகுதிகளில் நெல் விளைந்த நிலங்கள் அன்றுமுதல் ஓதத்தின் ஆட்சிக்குள் வந்தன. நாளுக்கு இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வடிகிறது. வரப்புகள் கரைந்தன. வயலோரத் தென்னையும் பாக்கும் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. வண்டூர்க் கடற்கரையை ஒட்டி வளர்ந்திருந்த பெருமரங்கள் வேரோடு சாய்ந்து, வெளுத்த எலும்புகள் போலக் கரையெங்கும் கிடந்தன.

நாகை வட்டாரத்து வயல்களையும் கடல்நீர் மூடியது. ஆனால் அங்கே நிலம் தாழவில்லை. பருவமழை உப்பைக் கழுவியது. ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் உழவர்கள் சில பருவங்களுக்குள் மண்ணை மீட்டெடுத்தார்கள். நிவாரணம் என்ற ஆட்சித்துறைக் கருத்து முழுவதும் அத்தகைய அழிவை மனத்தில் கொண்டே உருவானது. அழிவு வரும், போகும். பின்பு பழைய நிலைக்குத் திரும்ப உதவ வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பழைய நிலையே இல்லாமற்போன ஊருக்கு அந்தக் கருத்தில் இடமில்லை. வண்டூர் உழவனுக்கு இழப்பு ஒரு பருவத்து விளைச்சலோடு முடியவில்லை. விளைச்சலைத் தரும் நிலமே போயிற்று.

அந்த நிலம் எவ்வாறு அவர்களுக்கு வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். வண்டூர் என்ற பெயரே கடல் கடந்து வந்தது. 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியில் பிரிட்டிஷ் ஆட்சியையும் ஜன்மிகளையும் எதிர்த்து நின்ற மாப்பிள்ளை உழவர்கள் அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்கள் தங்கள் சொந்த ஊர்களின் பெயர்களைத் தங்கள் புதிய குடியிருப்புகளுக்குச் சூட்டினார்கள். மஞ்சேரி, திரூர், கள்ளிக்கோட்டை, வண்டூர் என்று தெற்கு அந்தமானில் வழங்கும் ஊர்ப்பெயர்கள் அந்த ஏறநாட்டு உழவர்களின் நினைவுச் சின்னங்கள். தேசப் பிரிவினைக்குப் பின், 1949 முதல், கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் தெற்கு அந்தமானில் குடியமர்த்தப்பட்டன. குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் வழங்கப்பட்டது: ஐந்து ஏக்கர் நெல்லுக்குரிய சமநிலம், ஐந்து ஏக்கர் தென்னைக்கும் பாக்குக்கும் உரிய மேட்டுநிலம். காடு வெட்டும் வேலைக்காகச் சோட்டா நாக்பூர் ஆதிவாசிகள் கொண்டுவரப்பட்டனர். கரேன் மக்கள் பர்மாவிலிருந்து வந்தனர். பிழைப்புத் தேடித் தமிழரும் தெலுங்கரும் வந்தனர். நிக்கோபாரின் கட்சால் தீவில், இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களாகக் குடியேற்றப்பட்டனர். 2004-இல் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளுள் கட்சாலும் ஒன்று. ஆக, அந்த நாளில் நிலத்தை இழந்தவர்களிற் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒருமுறை வேர் பறிக்கப்பட்டவர்களின் மக்களும் பேரமக்களும் ஆவர்.

அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. ஓதநீரைத் தடுக்க மண்கரைகள் எழுப்பப்பட்டன; மதகுகள் அமைக்கப்பட்டன. நீர் முழுதும் மூடாத இடங்களில் அகன்ற மேட்டுப்பாத்திகளையும் அவற்றிடையே ஆழ்ந்த வாய்க்கால்களையும் வெட்டும் முறை பரவியது. மேட்டில் காய்கறியும், பள்ளத்தில் மீனும் வளர்க்கும் இம்முறையைப் போர்ட் பிளேரிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்தது. மேட்டுநிலம் எஞ்சிய குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. எஞ்சாதவை கூலி வேலைக்கு நகர்ந்தன. வண்டூர் துறையிலிருந்து ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குச் செல்லும் சுற்றுலாப் படகுகள் சிலருக்குப் பிழைப்பளித்தன. ஆனால், அந்தத் துறையே 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடற்சார் தேசியப் பூங்காவின் வாயில். பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு. ஒருபுறம் நிலத்தைக் கடல் கொண்டது. மறுபுறம் கடலில் வலை வீச வேலி. வயலாக இருந்த இடம் உவர்நீர்ச் சதுப்பான பிறகு அங்கே முதலைகளும் நடமாடத் தொடங்கின. கடற்கரையில் இன்று எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன.

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டித்தான் ‘மீள்திறன்’ என்ற சொல்லை அரசுகளும் பன்னாட்டு நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. 2015-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பேரிடர் குறைப்புச் செயல்திட்டத்தின் நடுநாயகமாக விளங்கும் சொல் அது. சொல்லில் குற்றமில்லை. உழைக்கும் மக்கள் எந்த அழிவிலிருந்தும் எழும் ஆற்றல் உடையவர்கள் என்பதை இடதுசாரி இயக்கத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தமானில், செல்லுலார் சிறையின் கொட்டடிகளுக்குள் 1933-லும் 1937-லும் உண்ணாநிலைப் போர் நடத்தியவர்களும், 1935-இல் அங்கேயே கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தவர்களும் அதற்குச் சான்று. ஆனால், மக்களின் ஆற்றலைப் போற்றும் குரல் எப்போது அரசின் கடமையை மறைக்கும் திரையாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விழுந்தவன் எழுவான் என்று புகழ்வது எளிது. எழுந்து நிற்க அவன் காலடியில் நிலம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இழப்பீட்டின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது. இழப்பீடு காகிதத்தைப் பின்தொடர்ந்து சென்றது, இழப்பைப் பின்தொடரவில்லை. பட்டா உள்ளவன் உழவன். பட்டா இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். அந்தமானில் 1978-க்கு முன்பு நிலத்தில் அமர்ந்தோர், அதற்குப் பின்பு அமர்ந்தோர் என்று ஒரு கோடு நெடுங்காலமாகவே கிழிக்கப்பட்டுள்ளது. முன்னவருக்கு முறைப்படுத்தும் வாய்ப்பு உண்டு. பின்னவர் எத்தனை ஆண்டுகள் உழுதிருந்தாலும் ஏட்டில் இல்லை. கடல் இந்தக் கோட்டை மதிக்கவில்லை. இரு தரப்பாரின் வயலிலும் ஒன்றாகவே ஏறியது. இழப்பைக் கணக்கிட வந்த கை மட்டும் கோட்டை மறக்கவில்லை. குத்தகைக்கு உழுதவரும் வாரத்துக்குப் பயிரிட்டவரும் அவர்கள் வயலில் கூலி வேலை செய்தவரும் அந்தக் கணக்கில் எங்கே நிற்பது? காகிதம் உள்ளவர்களின் நிலையும் எப்போதும் மேலானதாக இருக்கவில்லை. தோட்டங்களை இழந்த நிக்கோபார் மக்களிற் சிலருக்கு இரண்டு ரூபாய்க்குக் காசோலை வழங்கப்பட்டது அந்நாளில் நாடெங்கும் செய்தியாயிற்று. மரத்துக்கு இவ்வளவு, சென்ட்டுக்கு இவ்வளவு என்று விதி வகுத்துக் கூட்டிக் கழித்தால் அப்படியொரு விடை வரும். கூட்டல் சரியாக இருந்திருக்கலாம், நியாயம் தவறிவிட்டது.

வீடுகளின் கதையும் அத்தகையதே. தகரக் கொட்டகைகளில் வெப்பத்தில் வெந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்காக, தீவுகளெங்கும் ஏறத்தாழ 9,800 நிரந்தர வீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றுக்குரிய பொருள்கள் பெருநிலத்திலிருந்து கப்பலில் சென்றன. அது சிறிய பணியன்று. அதை மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால், நிக்கோபார் மக்கள் ‘துஹெட்’ எனப்படும் கூட்டுக் குடும்பமாக நிலத்தையும் தென்னையையும் பொதுவில் வைத்து வாழ்பவர்கள். அவர்களுக்குக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற அலகுக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுக்கப்பட்டது. இழப்பீடும் தனியாள் வங்கிக் கணக்குகளில் வந்து விழுந்தது. நிலநடுக்கம் குலைக்காத ஒரு சமூக அமைப்பை நிவாரணம் குலைத்தது. பொதுவுடைமை வாழ்வின் எச்சங்களைக் காப்பாற்றி வைத்திருந்த மக்களிடம் தனியுடைமையைப் பேரிடரின் வழியாகக் கொண்டு சேர்த்த நிகழ்வு இது. தமிழகக் கரையிலும், படகும் வலையும் உள்ளவரே பாதிக்கப்பட்டவர் என்ற அளவுகோலால், கடற்கரைக் கிராமங்களில் கூலி வேலை செய்து வாழ்ந்த தலித் மக்கள் முதற்கட்ட நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டதை நாகை மாவட்டத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நிலத்தைக் கடல் கொண்டதைத் தமிழ் மரபு ‘கடல்கோள்’ என்று பெயரிட்டுப் பதிவு செய்திருக்கிறது. கடல் கொண்ட நாட்டுக்கு ஈடாக வேறு நிலம் தேடிக்கொண்ட பாண்டியனைப் பற்றியும் பழைய நூல்கள் பேசுகின்றன. அவன் அண்டை அரசரிடமிருந்து பறித்தே அதைப் பெற்றான். ஆகவே அவன் முன்மாதிரி அல்லன். இருப்பினும், போன நிலத்துக்கு ஈடு நிலமே என்ற எளிய உண்மை அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்தமானில் அந்த ஈடு எங்கிருந்து கிடைக்கும்? தீவுகளின் பரப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் காடு என்று பதிவாகியுள்ளது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை காட்டு நில ஆக்கிரமிப்புகளை அகற்றவும் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தவும் வழிவகுத்தது. காட்டையும் அதில் வாழும் ஜாரவா உள்ளிட்ட பழங்குடிகளையும் காக்கும் அந்த நோக்கம் சரியானது. உழவனுக்கு நிலம் தரக் காட்டை அழிக்க வேண்டும் என்று இடதுசாரி இயக்கம் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது.

அப்படியானால், ஒரு கேள்வியை ஒன்றிய அரசு எதிர்கொண்டாக வேண்டும். கடல் கொண்ட ஐந்து ஏக்கருக்காகக் கை வைக்கக் கூடாத காட்டில், பெரிய நிக்கோபாரில் மட்டும் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்ள இசைவு வந்தது எப்படி? கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம் என 72,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2021-இல், கலத்தியா விரிகுடா வனவிலங்குக் காப்பிடம் என்ற தகுதி நீக்கப்பட்டது. தோணியாமை முட்டையிடும் கரை அது. பெரிய நிக்கோபாரின் பழங்குடி மன்றம், தான் அளித்த இசைவைத் திரும்பப் பெறுவதாக 2022 நவம்பரில் அறிவித்தது. 2004-இல் ஊர்களை இழந்து, காம்ப்பெல் விரிகுடாவை ஒட்டிய குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்ட நிக்கோபார் மக்கள், முன்னோர் வாழ்ந்த கரைகளுக்குத் திரும்ப விடுமாறு இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேரிடரால் இடம்பெயர்ந்தவர்களின் வெறுமையான ஊர்கள், முதலாளிக்குக் காலிமனைகளாகத் தெரிகின்றன. இதுவே இன்றைய ‘மீட்சி’யின் வர்க்கப் பொருள்.

அறிவியலும் இத்திட்டத்துக்கு எதிராகவே நிற்கிறது. இந்தத் தீவுக் கூட்டம் முழுவதும் நாட்டின் மிகத் தீவிர நிலநடுக்க மண்டலங்களுள் ஒன்று. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே எழுந்த நிலநடுக்கம் ஆழிப்பேரலையை உண்டாக்கியது. 1941 ஜூன் 26 அன்று ஏற்பட்ட நடுக்கத்தில் செல்லுலார் சிறையே சேதமுற்றது. நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்த இந்திரா முனை கலத்தியா விரிகுடாவின் அண்மையில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் தாழ்ந்த வண்டூரின் வயல்களை மீட்க இயலாத ஆட்சி, நான்கு மீட்டர் தாழ்ந்த கரையில் இலட்சக்கணக்கானோர் குடியேறும் நகரத்தை எழுப்பப் போவதாகச் சொல்கிறது.

மறுபுறம், பேரிடருக்குப் பின் மக்களுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்புகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. ஆழிப்பேரலையின் படிப்பினையாகவே 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. 2007-இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரலில் சுமத்ராவை ஒட்டி 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது கரையோர மக்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை சென்றது. இவை மதிப்புள்ள பேறுகள். ஆனால் அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, கடும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் அளிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு வழங்கியிருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு மூடியது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களின் குடும்பத்தாருடைய வங்கிக் கடன்களைத் தள்ளுபடி செய்வது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, ஒன்றிய அரசு சுட்டிக்காட்டியது அந்தப் பிரிவு நீக்கப்பட்டதையே. மண்ணுக்குள் புதைந்த வீட்டின் மீதான கடன் மட்டும் உயிரோடு நிற்கிறது. கடலுக்கடியில் கிடக்கும் வயலுக்கும் இதே நியாயம்தான் இனிப் பேசப்படும்.

அந்தமான் மக்களுக்கு இதைத் தட்டிக்கேட்கச் சட்டமன்றமும் இல்லை. ஒரே ஒரு மக்களவை உறுப்பினர். மற்ற அதிகாரமெல்லாம் துணைநிலை ஆளுநரின் கையில். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று டெல்லியிலிருந்து மாற்றப்பட்டது. நாடுகடத்தப்பட்ட உழவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிய தீவில், பெயரைக்கூட இன்று அங்கு வாழ்வோர் தீர்மானிப்பதில்லை. பெயரைத் தீர்மானிக்காதவர்கள் நிலத்தையும் துறைமுகத்தையும் எங்ஙனம் தீர்மானிப்பார்கள்?

எனவே, 21 ஆண்டுகளுக்குப் பின் எழும் கோரிக்கைகள் தெளிவானவை. தெற்கு அந்தமானில் நிரந்தரமாக நீரில் மூழ்கிய நிலங்களையும், அவற்றை உழுதவர்களையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிப்படையான கணக்கெடுப்பின் மூலம் பதிவு செய்ய வேண்டும். குத்தகையாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் அந்தப் பதிவில் இடம் வேண்டும். மாற்று நிலம் இயலாத இடத்தில் மாற்று வாழ்வாதாரம் சட்டபூர்வ உரிமையாக வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். பெரிய நிக்கோபார் திட்டம் கைவிடப்பட்டு, நிக்கோபார் மக்கள் தம் ஊர்களுக்குத் திரும்ப வழிசெய்யப்பட வேண்டும். தீவு மக்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் வேண்டும்.

கோரிக்கைகளோடு பணி முடிந்துவிடாது. பழவேற்காடு முதல் நீரோடி வரை தமிழகக் கரையெங்கும் கட்சிக் கிளைகள் உள்ளன. அடுத்த பேரிடர் வருமுன்னரே ஆற்றக்கூடிய ஒரு பணியை வண்டூரின் அனுபவம் சுட்டுகிறது. ஒவ்வொரு கரையோர ஊரிலும் பட்டா இல்லாமல் குடியிருப்போர், வாய்மொழிக் குத்தகையில் உழுவோர், பிறர் படகில் செல்லும் மீன்பிடித் தொழிலாளர், மீன் விற்கும் பெண்கள், உப்பளத் தொழிலாளர் ஆகியோரின் பெயர்களைத் திரட்டிக் கிராமசபையில் பதிவு செய்ய வேண்டும். பெயர் ஏட்டில் இருப்பவர்க்கே பேரிடருக்குப் பின் பேச இடமிருக்கிறது என்பதை இந்த 21 ஆண்டுகள் காட்டிவிட்டன. அந்தப் பட்டியல் ஒரு நாள் பணியன்று. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டிய பணி. இடைநிலைக் குழுக்கள் இதைத் தங்கள் வேலைத்திட்டத்தில் சேர்ப்பது, டிசம்பர் 26-இல் ஏற்றப்படும் மெழுகுவர்த்திகளைவிட மாண்டவர்க்கு உண்மையான அஞ்சலியாகும்.